தெற்கு வெளியில் இறங்கிய படை

நெடுந்தீவில் ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்துவிட்டால், ஆண்கள் செய்கிற முதல் வேலை கடப்பை அடைப்பது. எங்கள் ஊரில் காணிக்குக் காணி பவளக்கல்லை அடுக்கித்தான் மதில். சாந்து கிடையாது, மண் கிடையாது, கல்லின் மேல் கல். அந்த மதிலில் மாடு போய்வர விட்ட இடைவெளியைத்தான் கடப்பு என்போம். மழை விழுந்ததும் அதையும் கல்லால் மூடிவிடுவார்கள். உள்ளே புல் எந்த வாயிலும் படாமல் வளரும். தை மாதம் பட்டிப்பொங்கல் அன்று, மாடுகளைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து மாலை போட்ட பிறகு, குடும்பத்தில் மூத்தவர் முதல் கல்லை எடுப்பார். அதற்கு முன்னம் எடுப்பதில்லை. அப்படி அடைத்து வைத்த புல்லில்தான் மாசியிலிருந்து ஆவணி வரை மாடு உயிரோடு நிற்க வேண்டும். பனையோலையைக் கிழித்துப் போட்டும் சமாளிக்கலாம்தான். ஆனால் ஓலையை மட்டும் தின்று பால் கறந்த மாட்டை நான் கண்டதில்லை.

அந்தக் கடப்பை நான் ஒரு கார்த்திகை மாதத்தில் எடுத்தேன். யாரையும் கேட்காமல், என் கையால் எடுத்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. நான் பிறந்த நாளிலிருந்தே அந்தரப்படுகிறவள். வள்ளம் பிந்தினால் கடல் கொண்டுபோய்விட்டது என்பேன். அடுப்பில் தணல் இருந்தால் கூரை பற்றும் என்பேன். பள்ளிக்கூடத்தை நாலாம் வகுப்போடு விட்டதும் வசதியில்லாமல் அல்ல. சோதினைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் முதல் நாளே எனக்கு வயிற்றால் போகத் தொடங்கும். மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பெற்ற ஐயா, "போதும், பிள்ளை உயிரோடை இருந்தால் காணும்" என்று நிறுத்திவிட்டார். பிறகு சாமான் சுற்றி வந்த பேப்பரையெல்லாம் எழுத்துக்கூட்டி வாசித்துத்தான் இந்த அளவுக்காவது எழுத வந்தது. கலியாணம் செய்து போன வீட்டிலும் ஒரு மாதத்துக்குள் எனக்குப் பட்டம் கிடைத்துவிட்டது: அந்தரக்காரி.

அது யுத்தகாலம். கொழும்பில் குண்டு விழுந்து, தெற்கே கடை வைத்திருந்த தீவுக்காரர் பாதிப்பேர் ஊருக்கு ஓடிவந்த வருஷம். காலிப் பட்டினத்தில் கடை நடத்திய என் கணவரும் வந்தார். நாலு மாதம் இருந்தார். யப்பான்காரனைவிடப் பூட்டிக் கிடக்கிற கடைதான் அவரை அதிகம் பயப்படுத்தியது போலும், திரும்பிப் போய்விட்டார். அவர் போன அன்றைக்கு அவருடைய தமையனார் என்னைக் கூப்பிட்டார். அவரை நான் அத்தான் என்பேன்.

"தம்பி இல்லாத இடத்திலை தெற்கு வெளி உம்மடை பொறுப்பு, பிள்ளை. மதிலைப் பார்த்துக்கொள்ளும். ஒரு கல்லு விழுந்தாலும் ஊர் ஆடு முழுக்க உள்ளுக்கை நிக்கும்."

பக்கத்தில் நின்ற மச்சாள், என் கணவரின் அக்கா, விடவில்லை. "நல்ல ஆளிட்டைக் குடுத்தியள் அண்ணை. கல்லு விழமுன்னமே விழுந்திட்டுது எண்டு கத்துவாள்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெற்கு வெளி எங்கள் மூன்று குடும்பத்துக்கும் பொதுவான புல்வெளி. பதினான்கு மாடு அதை நம்பி நின்றன. அதில் ஒன்று என் சிவலைப் பசு, ஐயா சீதனத்தோடு ஓட்டிவிட்டது. மாசியில் கன்று ஈன இருந்தது. ஈன்ற மாட்டுக்குக் கோடையில் புல் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று நான் பிறந்த வீட்டில் கண்டிருக்கிறேன். முதலில் பால் வற்றும், பிறகு கன்று விழும், பிறகு தாய். அதனால் மழை விட்ட ஒவ்வொரு பின்னேரமும் மதிலைச் சுற்றி நடந்தேன். அசைந்த கல்லை இருத்தினேன். அசையாத கல்லையும் ஒருதரம் அசைத்துப் பார்த்தேன்.

அப்படி நடக்கும்போதுதான் விட்டிலைக் கண்டேன். பொழுது சாய்கிற நேரம். புல் முழங்காலுக்கு வந்துவிட்டது. கால் வைத்த இடமெல்லாம் புல்லுக்குள்ளிருந்து அவை எழும்பின. காய்ந்த புல்லின் நிறம். ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். முன் இறகின் நடுவில் ஊசியால் குத்தியதுபோல ஒரு வெள்ளைப் புள்ளி. ஒன்றிரண்டு என்றால் விட்டிருப்பேன். இவை நான் நடக்க நடக்க எழும்பிப் பின்னால் விழுந்தன, தவிட்டைக் காற்றில் தூற்றியதுபோல.

அத்தானிடம் போய்ச் சொன்னேன். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"விட்டில் புல்லைத் தின்னுமோ பிள்ளை?"

"தின்னாது அத்தான். ஆனா ஏன் இவ்வளவு?"

"மழைக்கு எல்லாம் தான் பறக்கும். பறக்கிறதைக் கண்டு அந்தரப்படாதையும். தின்னுறதைக் கண்டால் வந்து சொல்லும்."

நியாயமான பேச்சுத்தான். நானும் திரும்பி வந்துவிட்டேன். ஆனால் வந்தவள் சும்மா இருக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து மதிலை விட்டுவிட்டுப் புல்லைப் பார்க்கத் தொடங்கினேன். பத்து நாள் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு காலை, புல்லின் நுனிகள் வெள்ளையாகச் சுரண்டப்பட்டிருப்பதைக் கண்டேன். அடியில் கடுகைக் கொட்டியதுபோல எச்சம். ஒரு கொத்தை விலக்கினால் வேரோடு வேராகச் சுருண்டு கிடந்தன பச்சைப் புழுக்கள், முதுகில் நீளக் கோடு போட்டவை. மயிர்க்கொட்டி என்றால் தொட்ட இடம் அரிக்கும். இவற்றுக்கு மயிரே இல்லை. மடியில் அள்ளிக்கொண்டு ஓடினேன்.

அத்தான் இந்தத் தடவை சிரிக்கவில்லை. புழுவை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"இது முந்தியும் வந்திருக்குது. படைப்புழு எண்டு எங்கடை ஐயா சொல்லக் கேட்டிருக்கிறன்."

"அப்ப என்ன செய்தவையாம்?"

"என்ன செய்யிறது? தின்னட்டும் எண்டு விட்டவை."

"மாட்டை விட்டால் என்ன அத்தான்? புழு தின்ன முந்தி மாடு தின்னட்டும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "புழுப் பட்ட புல்லுத் திண்ட மாடு வயிறு ஊதிச் செத்துப்போம். அதோடை பட்டிப்பொங்கலுக்கு முந்திக் கடப்பு எடுக்கிறேல்லை. மழைக்குப் புழு அழுகிப்போம், யோசியாதையும்."

அடுத்த நாள் அவர் ஒரு காணி அலுவலாக ஊர்காவற்றுறைக்கு வள்ளம் ஏறினார். பின்னேரம் கடல் கொந்தளித்தது. அவர் உடனே திரும்பமாட்டார் என்று தெரிந்தது.

எங்கள் வெளிக்குத் தெற்கே மதிலில்லாத பொதுப் புல்தரை கிடக்கிறது. தரவை என்போம். மட்டக்குதிரைகள் அங்கேதான் மேயும். அவற்றுக்கு அடைப்பும் இல்லை, பொங்கலும் இல்லை, முளைக்க முளைக்கத் தின்றுகொண்டே இருக்கும். நான் மதிலேறி அந்தப் பக்கம் குதித்தேன். புழு அங்கேயும் இருந்தால் அது ஊர் விதி, நான் என்ன செய்ய என்று மனத்தை ஆற்றிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். ஒரு மணித்தியாலம் குனிந்தபடி தேடினேன். நாலைந்து புழுவுக்கு மேல் இல்லை. புல் ஒட்ட வெட்டிய தலைபோல இருந்தது. ஒளிக்க இடமில்லாத புழுவை மைனா பொறுக்கிவிட்டிருந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் கால் வைக்க இடமில்லாமல் புழு. அந்தப் பக்கம் இல்லை. நடுவில் இருந்தது ஒரு கல்மதில் மட்டுமே.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விட்டில் முட்டையிடத் தேடியது நாங்கள் அடைத்து வைத்த நெடும்புல்லைத்தான். புல்லைக் காப்பதாக நினைத்துக்கொண்டு புழுவுக்குப் பந்தி விரித்திருக்கிறோம்.

விளங்கியதென்று உடனே செய்துவிட முடியுமா? மாடு ஊதிச் செத்தால்? பதினான்கு மாடு! அன்றிரவு மாட்டுக்கொட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கடைசியில், யாருடைய மாட்டையும் வைத்து நான் சோதிக்க முடியாது, என்னுடையதை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். விடிந்ததும் புழுவோடு ஒரு கட்டுப் புல் அறுத்துவந்தேன். முதலில் ஓலை கிழித்துப் போட்டு, வெறுவயிறு இல்லாமல் ஆக்கி, பிறகு அந்தப் புல்லைச் சிவலையின் முன்னால் வைத்தேன். அது தலையை ஆட்டிப் புழுவை உதறிவிட்டுத் தின்றது. கொஞ்சப் புழுவும் உள்ளே போனது. நான் அன்று முழுக்க அதன் இடப்பக்க வயிற்றில் கை வைத்தபடி நின்றேன். மத்தியானம் படுத்து அசை போட்டது. பொழுதுபட என் தோளை நக்கியது. ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலை வெளிக்குப் போனால், மேற்கு மூலையில் இரண்டு முற்றம் அளவுக்குப் புல்லே இல்லை. தண்டு மட்டும் குச்சி குச்சியாய் நின்றது. அதன் ஓரத்தில் புழுக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒரே திசையில், கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. குனிந்தால் சத்தம் கேட்டது, காய்ந்த ஓலையில் தூறல் விழுகிறமாதிரி. அவ்வளவும் தின்கிற சத்தம்.

தூரத்துப் பாதையில் மச்சாள் குடத்தோடு கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் மதிலில் ஏறி நின்று கத்தினேன்:

"மச்சாள்! தெற்கு வெளியிலை படை இறங்கியிட்டுது! எல்லாரையும் கூப்பிடுங்கோ!"

குடம் கீழே விழுந்ததைக் கண்டேன். அவர் ஓடியதையும் கண்டேன். நல்லது, ஆள் கூப்பிடத்தான் ஓடுகிறார் என்று நினைத்தேன்.

மற்ற வருஷமென்றால் அந்தரக்காரியின் கத்தலுக்கு யாரும் திரும்பியும் பார்த்திருக்கமாட்டார்கள். ஆனால் அந்த வருஷம் படை என்பது விளையாட்டுச் சொல் இல்லை. மச்சாள் கிணற்றடியில் சொன்னது, தெற்குக் கரையில் யப்பான் படை இறங்கிவிட்டதாம் என்று. கிணற்றடியிலிருந்து அது எப்படிப் போனதோ, யாரோ கோயில் மணியை அடித்தார்கள். ஒரு வீட்டில் பித்தளைப் பானைகளை முருங்கையடியில் குழி வெட்டித் தாட்டார்கள். ஒரு குடும்பம் கூப்பன் அரிசியைச் சேலையில் முடிந்துகொண்டு வள்ளத்தில் ஏறியே இருந்துவிட்டது. துணிந்த ஆண்களும் சில பெண்களும் அலவாங்கு, சவள், மீன் குத்துகிற ஈட்டி என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு தெற்கு வெளிக்கு வந்து சேர்ந்தார்கள். வந்து பார்த்தால் மதிலில் நான் மட்டும் நிற்கிறேன்.

"எங்கையடி யப்பான்காரன்?" என்று மூச்சிரைக்கக் கேட்டார் மச்சாள்.

"எந்த யப்பான்காரன்? உங்கை, காலுக்குக் கீழை பாருங்கோ."

ஈட்டி வைத்திருந்த அண்ணை குனிந்து பார்த்தார். "ஓம் ஓம், பச்சைச் சட்டைதான் போட்டிருக்கிறாங்கள். கோடும் இருக்குது. இவர் சார்ஜன் போலை."

எல்லோரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். பயந்த பயம் அவ்வளவும் சிரிப்பாய் வந்தது. மீன் விற்கிற அக்கா ஒருத்தி செபமாலையைக் கழுத்தில் போட்டபடியே சொன்னாள்: "படையெண்டு முதலே விளங்கச் சொல்லியிருந்தால் வண்டுகொல்லி இலையை அரைச்சுக்கொண்டு வந்திருப்பன், பூசிவிட." தோலில் வருகிற படைக்கு எங்கள் ஊரில் அந்த இலைதான் மருந்து. திரும்பவும் சிரிப்பு.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆனால் ஒன்று கண்டேன். எத்தனை வீடு தட்டிக் கூப்பிட்டிருந்தாலும் இத்தனை பேர் வந்திருக்கமாட்டார்கள். வந்துவிட்டார்கள். இனி விடக்கூடாது.

"சிரிச்சது காணும்," என்றேன். "எங்கடை பதினாலு மாட்டாலை இதைத் திண்டு முடிக்க ஏலாது. உங்கடை மாட்டையும் கொண்டுவாங்கோ. ஊர் மாடு முழுக்க வரட்டும். மாடு திண்ட இடத்திலை புழு நிக்காது. குதிரைத் தரவையைப் போய்ப் பாருங்கோ."

மச்சாள் முன்னால் வந்தார். "அண்ணை வரட்டும். பட்டிப்பொங்கலுக்கு முன்னம் கடப்பு எடுத்து இந்தக் குடும்பத்திலை வழக்கமில்லை."

"அண்ணை வருமட்டும் புழு பொறுக்காது மச்சாள்."

"மாடு ஊதிச் செத்தால் ஆர் பொறுப்பு?"

"நேற்று என்ரை சிவலைக்குப் புழுவோடை புல்லுக் குடுத்தனான். வீட்டை நிக்குது. போய்ப் பாருங்கோ."

"உன்ரை சீதன மாட்டுக்கோ?"

"ஓம். சினை மாட்டுக்கு."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்கு மேற்கே அடுத்த வெளிக்காரர் மட்டும், வயசான மனுஷன், தலையை ஆட்டினார். "புல்லுப் போனாலும் வழக்கம் நிக்கவேணும். அந்தரக்காரியின்ரை பேச்சுக்கு நான் என்ரை கடப்பை எடுக்கமாட்டன்." சொல்லிவிட்டு அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய வெளியிலும் புழு இருந்தது.

நான் கடப்படிக்குப் போனேன். மேல் வரிசைக் கல்லை எடுத்தேன். கனத்தது. இரண்டாவதை எடுத்தேன். மூன்றாவதைத் தூக்கும்போது பக்கத்தில் இன்னொரு சோடிக் கை வந்தது. பார்த்தால் மச்சாள். அவர் என்னைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்த்தபடி முணுமுணுத்தார்: "அண்ணை கேட்டால் நீ தான் எண்டு சொல்லுவன்."

"சொல்லுங்கோ," என்றேன்.

மாடுகள் வந்தன. வெறுவயிற்றில் ஈரப்புல் தின்றாலும் மாடு ஊதும் என்பதால், வெறுவயிற்றோடு யாருடையதையும் உள்ளே விடவில்லை. கடப்பில் நின்று ஓலை போட்டீர்களா என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். பனி காயும்வரை மறித்து வைத்தேன். புழு வரிசைக்கு முன்னால் மாட்டைக் கட்டி, அவை தின்னத் தின்னக் கட்டையை மாற்றி மாற்றி அடித்தோம். மாட்டின் காலடியில் காகமும் மைனாவும் கொக்கும் குனிந்தபடியே நடந்தன. மீன்கார அக்கா கூடையில் எட்டுக் கோழி கொண்டுவந்து அவிழ்த்துவிட்டாள். "என்ரை பட்டாளமும் நிக்கட்டும்" என்றாள். மூன்று நாள். மூன்றாம் நாள் மாலை தெற்கு வெளி குதிரைத் தரவைபோல ஒட்டிக் கிடந்தது. புழு தேடித்தான் காண வேண்டியிருந்தது. ஒரு மாடும் ஊதவில்லை.

நாலாம் நாள் கடல் அடங்கி அத்தான் வந்தார். துறையிலேயே அவருக்குக் கதை முழுவதும் சொல்லியிருப்பார்கள், யப்பான்காரன் உட்பட. வெளியின் நடுவில் போய் நின்று நாலு பக்கமும் பார்த்தார். பிறகு கேட்டார்:

"மழை இனி வராட்டில்?"

ஏசியிருந்தால் அழுதிருப்பேன். அந்தக் கேள்விதான் மூன்று நாளாக என் நெஞ்சிலும் கிடந்தது. புல் எங்கள் மாட்டின் வயிற்றில் மட்டுமா போனது, ஊர் மாட்டின் வயிற்றிலும் அல்லவா போய்விட்டது. இனி ஒரு மழை விழாவிட்டால் கோடைக்கு ஒன்றுமில்லை, அதுவும் என்னால்.

"தெரியாது அத்தான்," என்றேன். "ஆனா புழு திண்டால் வெறும் எச்சம். மாடு திண்டபடியால் சாணியாவது வெளியிலை கிடக்குது."

அவர் கடப்படிக்கு நடந்தார். கீழே கிடந்த கல்லை எடுத்துக் கடப்பைத் திரும்ப அடைக்கத் தொடங்கினார். நானும் எடுத்துக் கொடுத்தேன்.

பன்னிரண்டு நாள் வெயில் எறித்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் வானத்தைப் பார்த்ததுபோல எந்தச் சாமியையும் பார்த்ததில்லை. வேருக்குக் கேடில்லையா என்று விரலால் மண்ணைக் கிண்டிக் கிண்டிப் பார்த்தேன். வேர் வெள்ளையாக இருந்தது. மார்கழி நடுவில், பகல் வேளையில், வடகிழக்குக் கறுத்து வந்து கொட்டியது. நான் முற்றத்தில் நனைந்துகொண்டு நின்றேன். மச்சாள் குசினிக்குள்ளிருந்து, "காய்ச்சல் வரும், உள்ளுக்கை வாடி!" என்று கத்தினார். எப்போதும் நான் மற்றவர்களுக்குச் சொல்கிற வார்த்தை அது.

பட்டிப்பொங்கலன்று தெற்கு வெளியில் புல் கெண்டைக்கால் உயரம் நின்றது. சாணி விழுந்த இடமெல்லாம் கறுத்து அடர்ந்திருந்தது. முந்திய வருஷங்களின் உயரம் இல்லை, பொய் சொல்லக்கூடாது. ஆனால் புல் நின்றது. கடப்பை எடுக்கமாட்டேன் என்று போனவரின் மேற்கு வெளியும் துளிர்த்ததுதான். புழு குருத்து வரை தின்றுவிட்டதால் அது பிந்தித் துளிர்த்தது. விரல் நீளம் வரும்போது மழை முடிந்துவிட்டது.

மாசி கடைசியில் மேற்கு வெளிக்காரர் எங்கள் வீட்டு வாசல் படலையடியில் வந்து நின்றார். சிவலை ஈன்று பத்து நாள். நான் கன்றைப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் அத்தானிடம் கேட்டார்:

"அஞ்சு மாடு நிக்குது, தம்பி. உங்கடை வெளியிலை ஒரு மூலை தந்தால்..."

அத்தான் உட்கார்ந்த கதிரையை விட்டு எழும்பவில்லை. "என்னைக் கேட்டு என்ன அண்ணை? அந்தப் புல்லு அவவின்ரை. அவவைக் கேளுங்கோ."

அவ என்றார். எங்கள் பக்கத்தில் அது மரியாதையோடு சொல்கிற சொல். அதுவரை அந்த வீட்டில் நான் அவள்தான். கன்றின் கயிறு என் கையில் இருந்து நழுவிவிட்டது.

வந்தவர் என் பக்கம் திரும்பினார். "என்ன பிள்ளை சொல்லுறீர்?"

பெருமையாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"கொண்டுவாங்கோ, கிழக்கு மூலையிலை விடுங்கோ. ஆனா எல்லாத்தையும் ஒண்டாய் விடாதேங்கோ, முட்டுப்பட்டுக் கால் முறியும். கிணத்தடியாலை வரவேண்டாம், அங்கை வழுக்குது. அந்தக் கொம்பு வளைஞ்ச மாட்டைத் தனியக் கட்டுங்கோ, கன்று நிக்குது. இருட்ட முந்திக் கொண்டுபோயிடுங்கோ. கயிறு நல்ல கயிறோ?"

அத்தான் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினார். வந்தவர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றையும் மனத்தில் வாங்கிக்கொள்வதுபோலத் தலையாட்டினார்.

"ஓம் பிள்ளை," என்றார். "கயிறு புதிசு. நீர் சொன்னபடி."